கழட்டி மாட்டினா மட்டும் போதுமா? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த தடவை கேள்விகளை பிரிச்சு வெச்சப்போ ஒரே மாதிரி நிறைய வந்து விழுந்துச்சு. விண்டோஸ் இருக்கற டிரைவை, அதாவது ஹார்ட் டிஸ்க் இல்லைன்னா எஸ்எஸ்டியை, ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டறாங்க, ஓட மாட்டேங்குது, இல்லைன்னா ஓடுது ஆனா வேற ஏதோ ஒண்ணு காணாம போகுது. அதனால இந்த இதழ் பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: சார், என் லேப்டாப்ல மதர்போர்டு போயிடுச்சு, சரி பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. எஸ்எஸ்டி நல்லாதான் இருக்கு. அண்ணன் குடுத்த வேற லேப்டாப்ல அதை மாட்டினேன். விண்டோஸ் லோகோ வருது, கீழ புள்ளி சுத்துது, உடனே நீல ஸ்கிரீன்ல இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்னு வந்து ரீஸ்டார்ட் ஆகுது. எஸ்எஸ்டியும் கெட்டுப்போச்சா? – கல்லூரி மாணவர்

கெடலை தம்பி, பயப்படாதீங்க. லோகோ வரைக்கும் வந்துச்சுல்ல, அதுவே டிரைவை படிக்க முடியுதுங்கறதுக்கு சாட்சி.

நடக்கறது இதுதான். ஆன் பண்ணின உடனே டிஸ்கை படிச்சுக் குடுக்கறது விண்டோஸ் இல்ல, போர்டுல இருக்கற பயாஸ்ங்கற ஆரம்ப சாஃப்ட்வேர். அதோட உதவியில விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலும், ஹார்டுவேரோட பேசற சின்ன சாஃப்ட்வேர்களான டிரைவர்கள்ல சிலதும் மெமரில ஏறினதும் அது ஒதுங்கிக்கும். அந்த நொடியில இருந்து விண்டோஸ் தன்னோட சொந்த டிரைவரை வெச்சு அதே டிஸ்கை மறுபடி தேடிப் பிடிக்கணும். அந்த போர்டுக்கு வேண்டிய ஸ்டோரேஜ் டிரைவர் அதுகிட்ட இல்ல, இல்லைன்னா இருந்தும் அணைஞ்சு கெடக்குதுன்னா, எந்த டிஸ்க்ல இருந்து எழுந்து வந்துச்சோ அதே டிஸ்க் அதோட கண்ணுக்கு தெரியாது. அதைத்தான் அந்த நீல ஸ்கிரீன் சொல்லுது.

டிரைவர் ஏன் அணைஞ்சு கெடக்கும்னா, விண்டோஸ் ஒரு மெஷின்ல செட் ஆனதும் அந்த மெஷினுக்கு தேவைப்படாத ஸ்டோரேஜ் டிரைவர்களை பூட் நேரத்துல எழுப்பாது. பழைய லேப்டாப்ல டிஸ்க் ஏஹெச்சிஐ மோடுல இருந்து, புதுசுல ரெய்டு மோடுலயோ, இன்டெல் 11-வது தலைமுறையில இருந்து வந்த நிறைய லேப்டாப்ல இருக்கற விஎம்டி மோடுலயோ இருந்தா இந்த கதைதான் (மூணுமே போர்டு டிஸ்கை கையாள்ற வெவ்வேறு முறைகள்). நெறைய பேர் இன்டெல்ல இருந்து ஏஎம்டிக்கு மாறினதாலதான் வரலைன்னு நினைக்கறாங்க, விண்டோஸ் 10, 11-ல அது பெரிய விஷயமே இல்ல, ரெண்டு பக்கமும் ஏஹெச்சிஐ-ஆ இருந்தா பெரும்பாலும் தானாவே எழுந்துடும்.

நீங்க செய்ய வேண்டியது: பயாஸுக்குள்ள போய் சாட்டா (டிஸ்கை போர்டோட இணைக்கற ஒரு முறை) மோடு இல்லைன்னா விஎம்டி கன்ட்ரோலர்னு எங்க இருக்குன்னு பாருங்க. எதையும் தொடறதுக்கு முன்னாடி அந்த பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா அண்ணனோட பழைய டிரைவை திரும்ப மாட்டணும்னா அதுக்கு பழைய செட்டிங்தான் வேணும், இல்லைன்னா அவரோட விண்டோஸும் இதே நீல ஸ்கிரீனை காட்டும். அப்புறம் விஎம்டியை ஆஃப் பண்ணி இல்லைன்னா ரெய்டை ஏஹெச்சிஐ-க்கு மாத்தி சேவ் பண்ணிட்டு வாங்க. அப்பவும் வரலைன்னா ரெண்டு மூணு தடவை ஃபெயில் ஆனதும் ரிப்பேர் ஸ்கிரீன் தானா வரும், அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்னு போய், அடிப்படை விஷயங்களை மட்டும் வெச்சு விண்டோஸ் எழுந்திருக்கற சேஃப் மோடை எடுங்க. சேஃப் மோடுல விண்டோஸ் அணைச்சு வெச்ச அடிப்படை ஸ்டோரேஜ் டிரைவர்களையும் எழுப்பிப் பார்க்கும், ஒரு தடவை சேஃப் மோடுல எழுந்துடுச்சுன்னா அடுத்த தடவை பெரும்பாலும் சாதாரணமாவே எழுந்துடும். பழைய கம்ப்யூட்டர் உயிரோட இருக்கறவங்களுக்கு இன்னும் சுலபம், கழட்டறதுக்கு முன்னாடியே எம்எஸ்கான்ஃபிக்ங்கற விண்டோஸ் கருவியில பூட் டேப்ல சேஃப் பூட்டை டிக் பண்ணி ஷட்டவுன் பண்ணிட்டு, புது மெஷின்ல மாட்டி ஒரு தடவை ஏறினதும் அந்த டிக்கை எடுத்துடுங்க. ஆனா சேஃப் மோடுக்குள்ள பின் நம்பர் வேலை செய்யாம போகலாம், அதனால அக்கவுன்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கோங்க.

முதல் தடவை எழுந்திருக்கறப்போ டிவைஸ்களை தயார் பண்றேன்னு ஒரு பர்சன்டேஜ் ஓடும், ஸ்கிரீன் ரெண்டு தடவை இருட்டாகும், எழுத்து பெருசாகி சின்னதாகும், ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்கற மாதிரி இருக்கும். அந்த நேரத்துல பவர் பட்டனை மட்டும் அமுக்கிப் பிடிக்காதீங்க. பொறுமையா விடுங்க.

கேள்வி: வணக்கம். ஆராய்ச்சிப் படிப்புல இருக்கேன். லேப்டாப்ல தண்ணி கொட்டிடுச்சு, டிரைவை எடுத்து தோழியோட லேப்டாப்ல போட்டா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குது. நான் பிட்லாக்கர்னு எதையும் ஆன் பண்ணவே இல்ல. நாலு வருஷ வேலை அதுக்குள்ள இருக்கு, தயவு செஞ்சு வழி சொல்லுங்க. – ஒரு வாசகி

நீங்க ஆன் பண்ணலைங்கறது முழுக்க உண்மையா இருக்கும்மா. விண்டோஸ் 8.1 காலத்துல இருந்தே சில லேப்டாப்கள்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ள நுழைஞ்ச உடனே டிவைஸ் என்கிரிப்ஷன், அதாவது பிட்லாக்கர் முறையில டிரைவையே பூட்டி வெக்கறது, தானா ஆன் ஆகிடும். 2024-ல வந்த விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்புல புதுசா இன்ஸ்டால் பண்ணினா அது இன்னும் நிறைய மெஷின்கள்ல தானா நடக்குது. யாரும் நம்மகிட்ட நிறுத்தி கேக்கறதில்ல, இதுல எனக்கு பெரிய வருத்தம் உண்டு.

டிரைவ்ல இருக்கற எல்லாமே பூட்டியிருக்கு, தினமும் அதை சத்தமில்லாம திறந்து விட்டுட்டு இருந்தது பழைய போர்டுல இருக்கற டிபிஎம்ங்கற சின்ன சிப், சில மெஷின்ல ப்ராசஸருக்குள்ளயே இருக்கும். டிரைவை மட்டும் கொண்டுவந்துட்டீங்க, சாவி அங்கேயே தங்கிடுச்சு. தோழியோட லேப்டாப்லயும் டிபிஎம் இருக்கு, ஆனா அதுக்கு உங்க பூட்டு தெரியாது.

ஆனா அந்த ஆன் ஆகற விதத்துலயே உங்களுக்கு நல்ல செய்தியும் இருக்கு. தானா ஆன் ஆகற என்கிரிப்ஷன் ரெக்கவரி கீயை எங்கயாவது பத்திரப்படுத்தாம முழுசா பாதுகாப்பு போடாது, தனி ஆள் லேப்டாப்னா அது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்லதான் இருக்கும். போன்ல பிரவுசர் திறந்து உங்க அக்கவுன்ட்ல நுழைஞ்சு டிவைசஸ் பகுதியில பிட்லாக்கர் கீங்களை பாருங்க. ரெண்டு மூணு கீ இருந்தா குழம்பாதீங்க, கேக்கற ஸ்கிரீன்ல கீ ஐடின்னு ஒண்ணு தெரியும், அதோட முதல் எட்டு எழுத்து எந்த கீயோட ஒத்துப்போகுதோ அதுதான் உங்களோடது. பழைய மெயில் ஐடி, லேப்டாப்பை முதல்ல செட் பண்ணிக் குடுத்தவங்க ஐடி, பல்கலைக்கழகம் குடுத்த ஐடி, எல்லாத்துலயும் தேடுங்க. பல்கலைக்கழக ஐடியில நுழைஞ்சிருந்தா அங்க கம்ப்யூட்டர் பிரிவுல இருக்கறவங்களால எடுத்துக் குடுக்க முடியும்.

டைப் பண்றப்போ ஆறு ஆறு இலக்கமா எட்டு கட்டம் வரும். ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11-ஆல மீதி இல்லாம வகுபடற மாதிரிதான் அந்த கீயை உருவாக்கறாங்க, அதனாலதான் நடுவுல ஒரு எண் தப்பினா அந்த கட்டத்துலயே தப்புன்னு அதால சொல்ல முடியுது. யாராவது போன்ல கீயை படிச்சு சொல்றாங்கன்னா ஆறு எண்ணை மட்டும் சொல்லச் சொல்லி, நீங்க திரும்ப சொல்லி, சரின்னதும் அடுத்த ஆறுக்கு போங்க.

கீ கிடைக்கலைன்னா அடுத்த நம்பிக்கை பழைய போர்டு. தண்ணி பட்ட போர்டை சுத்தம் பண்ணி அரை மணி நேரம் ஓட வெச்சா கூட போதும், டிரைவை அதுலயே திரும்ப மாட்டினா கீ கேக்காமலே திறக்கும், அப்ப எல்லாத்தையும் காப்பி எடுத்துடலாம். அதனால பழைய லேப்டாப்பை தயவு செஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க. கீ இல்லாமலே உடைச்சுத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க, இது ஏஇஎஸ்ங்கற பலமான என்கிரிப்ஷன், உடைக்க முடியாது.

என் அக்காவுக்கு இப்படி நடந்துச்சு. கீ சேவ் ஆகியிருந்த மெயில் ஐடியே எப்பவோ மூடிப்போன ஒண்ணு. பசங்களோட சின்ன வயசு போட்டோ அத்தனையும் அந்த டிரைவ்ல இருக்கு, டிரைவ் இன்னும் அலமாரியில இருக்கு, இன்னிக்கு வரைக்கும் திறக்க முடியல. அதுல இருந்துதான் யார் டிரைவை கழட்டப் போறேன்னு சொன்னாலும் முதல்ல செட்டிங்ஸ்ல ப்ரைவசி பகுதியில டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணி, அது முழுசா முடியற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கன்னு சொல்றேன். ப்ரோ பதிப்புல பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிட்டு (தற்காலிகமா நிறுத்திட்டு) மாத்தினாலும் புது மெஷின்ல திறக்கும், இருந்தாலும் எனக்கு முழுசா ஆஃப் பண்றதுதான் மனசுக்கு நிம்மதி.

கேள்வி: பழைய லேப்டாப்ல இருந்து எடுத்த எம்.2 டிரைவ் புது போர்டுல சரியா உக்காருது, ஸ்க்ரூவும் போட்டாச்சு, ஆனா பயாஸ்லயே தெரியல. ஏன்?

உக்காந்துட்டா ஓடும்னு அர்த்தம் இல்ல. எம்.2-ங்கறது அளவும் வடிவமும்தான், 2280-ன்னா 22 மில்லிமீட்டர் அகலம் 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். உள்ள பேசற பாஷை சாட்டாவாவும் இருக்கலாம், என்விஎம்இ-யாவும் இருக்கலாம். உங்க டிரைவோட தங்க நிற முனையில ரெண்டு வெட்டு இருந்தா அது பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டுன்னா பெரும்பாலும் என்விஎம்இ, லேபிள்லயும் போட்டிருக்கும். புது போர்டு ஸ்லாட் என்விஎம்இ மட்டும்னா சாட்டா டிரைவ் அதுல தெரியவே தெரியாது, போர்டு மேனுவல்ல ஒவ்வொரு ஸ்லாட்டும் எதை ஏத்துக்கும்னு இருக்கும், வேற ஸ்லாட்ல போட்டுப் பாருங்க. இன்னொரு விஷயம், சில போர்டுகள்ல எம்.2-ல ஒரு டிரைவ் போட்டா சாட்டா போர்ட் ஒண்ணோ ரெண்டோ அணைஞ்சிடும், திடீர்னு பழைய ஹார்ட் டிஸ்க் காணோம்னா அதுவும் மேனுவல்லதான் இருக்கும்.

கேள்வி: எஸ்எஸ்டியில விண்டோஸ் போட்டு ரெண்டு வருஷமா ஓட்டறேன், பக்கத்துல ஒரு பழைய ஹார்ட் டிஸ்கும் இருக்கு. எஸ்எஸ்டியை மட்டும் எடுத்து புது கம்ப்யூட்டர்ல போட்டா பூட் டிவைஸ் இல்லைங்குது. சரின்னு பழைய கம்ப்யூட்டர்லயே ஹார்ட் டிஸ்கை கழட்டிட்டு ஆன் பண்ணினா அங்கயும் அதேதான். விண்டோஸ் எஸ்எஸ்டியிலதான இருக்கு? – வீடியோ எடிட்டர்

விண்டோஸ் எஸ்எஸ்டியிலதான் இருக்கு, ஆனா அதை எழுப்பற ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. நீங்களே ஹார்ட் டிஸ்கை கழட்டி சோதிச்சுப் பார்த்தது ரொம்ப நல்ல காரியம், பாதி வேலை அதுலயே முடிஞ்சுது.

ரெண்டு டிஸ்கையும் மாட்டி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்க. டிஸ்க் 0-ன்னு ஹார்ட் டிஸ்க் இருக்கும், அதோட ஆரம்பத்துல 100 எம்பி அளவுல இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு (டிஸ்க்ல தனியா பிரிச்ச பகுதி) ஒரு சின்ன கட்டம், எழுப்பற ஃபைல் அதுலதான் இருக்கு. கீழ டிஸ்க் 1-ல சி டிரைவ் மட்டும் இருக்கும், அந்த சின்ன கட்டம் இருக்காது. விண்டோஸ் இன்ஸ்டால் பண்றப்போ ரெண்டு டிஸ்கும் மாட்டியிருந்து ஏற்கனவே ஒண்ணுல இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தா, இன்ஸ்டாலர் புதுசா உருவாக்காம இருக்கறதையே பயன்படுத்திக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு கழட்டறப்போதான் நமக்கு தெரிய வருது.

சரி பண்ணலாம். சி டிரைவ்ல இருந்து ஒரு 300 எம்பி ஷ்ரிங்க் பண்ணி (சுருக்கி) எடுத்து, விண்டோஸ் இன்ஸ்டால் யுஎஸ்பியில பூட் பண்ணி கமாண்ட் ப்ராம்ப்ட்ல டிஸ்க்பார்ட்ங்கற டிஸ்க் பிரிக்கற கருவி வழியா அந்த இடத்துல இஎஃப்ஐ வகை பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட் 32-ல ஃபார்மேட் பண்ணி ஒரு எழுத்து குடுங்க, அப்புறம் பிசிடிபூட் கமாண்டுக்கு விண்டோஸ் ஃபோல்டரையும் அந்த எழுத்தையும் காட்டினா பூட் ஃபைல் எல்லாத்தையும் அங்க எழுதிக்கும். இதை பண்றப்போ ஹார்ட் டிஸ்கை கழட்டி வெச்சிடுங்க, டிஸ்க்பார்ட்ல தப்பான டிஸ்க் நம்பர் அடிச்சு மொத்தத்தையும் இழந்தவங்க நிறைய பேர். எஸ்எஸ்டி ஜிபிடி வகையா இல்லாம எம்பிஆர்னு காட்டினா (டிஸ்க்ல பார்ட்டிஷன் கணக்கை எழுதி வெக்கறதுல ஜிபிடி புது முறை, எம்பிஆர் பழைய முறை) முதல்ல அடுத்த பதிலை படிங்க.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்ல விண்டோஸ் 10 நல்லா ஓடிட்டு இருந்துச்சு. டிரைவை புது போர்டுக்கு மாத்தினா பயாஸ்ல டிரைவ் பேர் தெரியுது, பூட் லிஸ்ட்ல மட்டும் வரல.

இது லெகசிங்கற பழைய பூட் முறைக்கும் யூஇஎஃப்ஐங்கற புது முறைக்கும் நடக்கற சண்டை. பழைய முறையில பயாஸ் டிஸ்கோட முதல் செக்டரை (டிஸ்கோட சின்னத் துண்டு) படிச்சு அங்க இருக்கற குட்டி ப்ரோக்ராமை ஓட்டும், அந்த டிஸ்க் எம்பிஆர் வகை, 2 டிபிக்கு மேல அதால சமாளிக்கவும் முடியாது. புது முறையில யூஇஎஃப்ஐ இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள்ள ஒரு ஃபைலை தேடும். புது போர்டு நிறைய யூஇஎஃப்ஐ மட்டும்தான், பழைய முறைக்கு இருந்த சிஎஸ்எம்ங்கற வசதியையே எடுத்துட்டாங்க. சிஎஸ்எம் இருந்தா ஆன் பண்ணிப் பாருங்க, ஆனா அது தற்காலிக வழிதான்.

நிரந்தர வழி டிஸ்கை ஜிபிடிக்கு மாத்தறது. 2017-ல வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து எம்பிஆர்டூஜிபிடின்னு ஒரு கருவி உள்ளேயே இருக்கு, டேட்டாவை அழிக்காம மாத்தும், பூட் ஃபைலையும் புது முறைக்கு எழுதிக்கும். முதல்ல வேலிடேட் மட்டும் ஓட்டி சரின்னு சொன்னப்புறம் கன்வெர்ட் குடுங்க. எம்பிஆர்ல மூணு ப்ரைமரி பார்ட்டிஷனுக்கு மேல இருந்தாலோ, லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ ஒத்துக்காது. அழிக்காதுன்னு சொன்னாலும் காப்பி எடுக்காம இதை ஓட்டாதீங்க.

இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், விண்டோஸ் பூட் மேனேஜர்னு பூட் லிஸ்ட்ல வர்ற அந்த வரி டிஸ்க்ல இல்ல, போர்டோட மெமரில எழுதி வெச்சிருக்கறது. அதனாலதான் ஜிபிடி டிஸ்கா இருந்தாலும் புது போர்டுக்கு சில சமயம் அடையாளம் தெரியறதில்ல. அப்பவும் பிசிடிபூட் ஒரு தடவை ஓட்டினா சரியாகிடும்.

கேள்வி: டிரைவ் மாத்தினேன், எல்லாம் ஓடுது, ஆனா ஆக்டிவேட் விண்டோஸ்னு மூலையில வருது. காசு குடுத்து வாங்கின விண்டோஸ்தான்.

எப்படி வாங்கினதுங்கறதை பொறுத்தது. தனியா ரீடெய்ல் கீயா வாங்கியிருந்தா புது மெஷினுக்கு கொண்டு போகலாம், ஆனா அதே கீயை பழையதுலயும் சேர்த்து ஓட்டக்கூடாது. ஆக்டிவேஷன் பக்கத்துல ட்ரபிள்ஷூட் குடுத்து, சமீபத்துல ஹார்டுவேர் மாத்தினேன்ங்கற வரியை தேர்ந்தெடுங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோட முன்னாடியே இணைச்சிருந்தா அங்க பழைய மெஷின் பேர் தெரியும். லேப்டாப்போட வந்த ஓஇஎம் விண்டோஸ்னா அது அந்த போர்டோடதான், நகராது. ஆனா புது லேப்டாப்பும் விண்டோஸோட வந்ததுன்னா அதோட கீ அதோட பயாஸ்லயே இருக்கும், 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து இப்படித்தான், ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோன்னு ரெண்டும் ஒரே பதிப்பா இருந்தா பெரும்பாலும் நெட் கனெக்ட் ஆனதும் தானா சரியாகும்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல ஒரு பழைய கணக்கு சாஃப்ட்வேர், விண்டோஸ் 7-லதான் ஓடும், குடுத்தவங்களும் இப்ப இல்ல. அந்த கம்ப்யூட்டர் சாகற நிலைமையில இருக்கு. டிரைவை புது கம்ப்யூட்டருக்கு மாத்தினோம், லாகின் ஸ்கிரீன் வரைக்கும் வந்துச்சு, கீபோர்டும் மவுஸும் வேலை செய்யல. – கணக்கு பிரிவு ஊழியர்

லாகின் வரைக்கும் வந்ததே பெருசு சார். 2009-ல வந்த விண்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3.0 டிரைவர் சொந்தமா கிடையாது, புது போர்டுல எல்லா யுஎஸ்பி போர்ட்டும் அந்த வகை, அதனால கீபோர்டு உயிரோட இருந்தும் விண்டோஸுக்கு அது தெரியல. பயாஸ்ல வேலை செய்யும், உள்ள வந்ததும் நின்னுடும். போர்டு பின்னாடி பழைய வட்ட பிஎஸ்2 சாக்கெட் இருந்தா அந்த வகை கீபோர்டை மாட்டினா உள்ள நுழையலாம். ஆனா உள்ள நுழைஞ்சு என்ன பண்ணுவீங்க, டிஸ்ப்ளேக்கு டிரைவர் இல்ல, நெட்வொர்க்குக்கு இல்ல, ஒவ்வொண்ணா தேடி அலையணும். அதுக்கும் மேல விண்டோஸ் 7-க்கு பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓட நின்னுடுச்சு.

என் யோசனை, டிரைவை மாத்தாதீங்க, அந்த கம்ப்யூட்டரையே ஒரு ஃபைலா மாத்துங்க. மைக்ரோசாஃப்டோட சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்புல டிஸ்க்டூவிஎச்டின்னு ஒரு இலவச கருவி இருக்கு, ஓடிட்டு இருக்கற விண்டோஸ்லயே ஓட்டி மொத்த டிஸ்கையும் ஒரு விஎச்டி (விர்ச்சுவல் டிஸ்க்) ஃபைலா வெளி டிரைவ்ல எழுதிக் குடுக்கும். அந்த ஃபைலை புது கம்ப்யூட்டர்ல, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டு ஓட்டுங்க, அங்கயும் நீல ஸ்கிரீன் வந்தா விர்ச்சுவல் டிஸ்கை ஐடிஇங்கற பழைய வகை கன்ட்ரோலருக்கு மாத்திப் பாருங்க, பழைய விண்டோஸுக்கு அதுதான் பழக்கம். உள்ள விண்டோஸுக்கு நெட் கனெக்ஷனை துண்டிச்சு வெச்சிடுங்க. கணக்கு சாஃப்ட்வேர் மெஷினோட அடையாளத்தை வெச்சு லைசென்ஸ் பார்க்கற வகையான்னும் முன்னாடியே தெரிஞ்சுக்கணும், குடுத்தவங்களே இல்லாதப்போ மறுபடி கீ வாங்க வழி இல்ல, அதனால விர்ச்சுவல்ல முழுசா ஒரு மாச கணக்கு போட்டுப் பார்த்து, ப்ரின்ட் வருதான்னு பார்த்து, அது வரைக்கும் பழைய கம்ப்யூட்டரை அப்படியே வெச்சிருங்க. முக்கியமா, இன்னிக்கு சாயங்காலமே டிஸ்க்டூவிஎச்டி ஓட்டிடுங்க. சாகற நிலைமைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

கேள்வி: லினக்ஸ் போட்டிருந்தா இந்த தொல்லை எதுவும் இல்லையாமே, உண்மையா?

பெரிய அளவுக்கு உண்மை. விண்டோஸுக்கு பதிலா போடற லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் கெர்னலோடயே வருது, டெபியன், உபுண்டு மாதிரி வகைகள்ல பூட் நேரத்துக்கான தொகுப்புல பெரும்பாலான ஸ்டோரேஜ் டிரைவரையும் சேர்த்தே வெச்சிருப்பாங்க, அதனால டிரைவை எங்க மாட்டினாலும் பெரும்பாலும் எழுந்துடும். ஃபெடோரா அந்த மெஷினுக்கு வேண்டியதை மட்டும் வெச்சு தொகுப்பை சின்னதா பண்ணும், ஆனா பூட் மெனுல ரெஸ்க்யூன்னு ஒரு வரி இருக்கும், அதுல எல்லா டிரைவரும் உண்டு, அதை எடுத்து உள்ள போய் தொகுப்பை புதுசா கட்டிக்கணும்.

தொல்லை வேற இடத்துல வரும். பழைய மெஷின்ல என்விடியாவோட சொந்த டிரைவர் போட்டிருந்து புதுசுல வேற கார்டு இருந்தா கருப்பு ஸ்கிரீன்ல நிக்கலாம், க்ரப்ங்கற பூட் மெனுல இ (e) எழுத்தை அழுத்தி கெர்னல் வரியோட கடைசியில நோமோட்செட்னு சேர்த்து பூட் பண்ணினா திரை கிடைக்கும். சர்வரா ஓட்டறவங்களுக்கு நெட்வொர்க் போயிடும், ஏன்னா கார்டோட பேர் அது எந்த ஸ்லாட்ல இருக்குங்கறதை வெச்சு வர்றது, பழைய மெஷின்ல ஒரு பேர் புதுசுல வேற பேர், கான்ஃபிக் ஃபைல்ல பழைய பேர்தான் எழுதியிருக்கும். ஸ்கிரீனும் கீபோர்டும் இல்லாம தூரத்துல இருந்து மட்டும் நுழையற சர்வர்னா இதை மாத்தறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கோங்க. எந்த டிஸ்கை எங்க இணைக்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபின்னு எழுதியிருந்தா அதையும் யூயூஐடிங்கற மாறாத அடையாள எண்ணுக்கு மாத்திடுங்க.

கேள்வி: செத்துப்போன கம்ப்யூட்டரோட டிரைவை யுஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல மாட்டினேன். ஒரு டிரைவ்ல என் ஃபோல்டரை திறக்க அனுமதி இல்லைங்குது. இன்னொண்ணு, 4 டிபி டிரைவ், முன்னாடி ஒரு யுஎஸ்பி கேஸ்ல இருந்தது, கேஸ் உடைஞ்சதால நேரா சாட்டாவுல மாட்டினேன், இனிஷியலைஸ் பண்ணணும்னு கேக்குது. ஓகே குடுக்கலாமா? – ஒரு வாசகர்

குடுக்காதீங்க! முதல்ல அந்த கட்டத்தை கேன்சல் பண்ணிட்டு மீதியை படிங்க.

முதல் டிரைவ்ல பிரச்சினையே இல்ல. பழைய விண்டோஸ்ல உங்க யூசர் அக்கவுன்டுக்கு ஒரு உள் எண் இருந்துச்சு, ஃபோல்டர் அந்த எண்ணுக்கு சொந்தம். புது விண்டோஸ்ல அதே பேர்ல அக்கவுன்ட் வெச்சாலும் எண் வேற. கன்டினியூ குடுத்து அட்மினா அனுமதி எடுத்துக்கலாம், இல்லைன்னா ப்ராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி பகுதியில ஓனரை மாத்தலாம். உங்க யூசர் ஃபோல்டருக்கு மட்டும் பண்ணுங்க, மொத்த டிரைவுக்கும் பண்ணிட்டா அந்த விண்டோஸை திரும்ப பூட் பண்ணணும்னு வந்தா தகராறு பண்ணும். ஃபைல் ஐகான்ல பூட்டு மாதிரி இருந்தா மட்டும் கதை வேற, அது இஎஃப்எஸ்ங்கற ஃபைல் பூட்டற வசதி, பழைய அக்கவுன்டோட சர்டிஃபிகேட் இல்லாம திறக்காது.

ரெண்டாவதுதான் ஆபத்து. பெரிய டிரைவ்களுக்கான சில யுஎஸ்பி கேஸ்கள், டிஸ்க்ல இருக்கற 512 பைட் செக்டர்களை எட்டு எட்டா சேர்த்து 4096 பைட்டா விண்டோஸுக்கு காட்டும். எந்த பார்ட்டிஷன் எங்க ஆரம்பிக்குதுன்னு குறிச்சு வெக்கற பார்ட்டிஷன் டேபிள் அந்த கணக்குலதான் எழுதியிருக்கும். நேரா சாட்டாவுல மாட்டினதும் கணக்கு 512-க்கு வந்துடுது, விண்டோஸ் தேடற இடத்துல ஒண்ணும் இல்ல, அதனால காலி டிஸ்க்னு நினைச்சு இனிஷியலைஸ், அதாவது புது டிஸ்கா தயார் பண்ணட்டுமான்னு கேக்குது. டேட்டா இருந்த இடத்துலயே அப்படியே இருக்கு, படிக்கற கணக்குதான் மாறிப்போச்சு. ஓகே குடுத்தா அந்த பழைய டேபிள் மேல புதுசை எழுதிடும், அதுக்கப்புறம்தான் உண்மையான கஷ்டம்.

அதே மாடல் கேஸ் இன்னொண்ணு கிடைக்குதான்னு தேடிப் பாருங்க, பழைய கேஸ்ல உடைஞ்சது பிளாஸ்டிக் மட்டும்தான்னா உள்ள இருக்கற சின்ன சர்க்யூட் போர்டை எடுத்து டிரைவோட நேரா மாட்டினாலே போதும். சில கேஸ்கள் டேட்டாவை அந்த போர்டுலயே என்கிரிப்ட் பண்ணும், அதனாலயும் அந்த சர்க்யூட் போர்டை குப்பையில போட்டுடாதீங்க. எழுந்ததும் முதல் வேலையா எல்லாத்தையும் வேற டிரைவுக்கு காப்பி எடுங்க, காப்பி ஆனதை ரெண்டு மூணு இடத்துல திறந்து பாருங்க, அதுக்கு அப்புறம் இந்த 4 டிபியை சாட்டாவுல மாட்டி இனிஷியலைஸுக்கு ஓகே குடுக்கலாம்.